இறைச்சிக் கடைப் பையன் சைக்கிள் மன்னன் ஆன கதை

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலைக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வயல்களுக்கு நடுவே போகும்வரை மிதிப்பது சுலபம். கொல்லிமலை நெருங்க நெருங்கக் கால் கனக்கும். மூச்சு வாங்கும். அடிவாரம் வந்ததும் சைக்கிளை மரத்தடியில் சாய்த்துவிட்டு, ஆற்றில் இறங்கிக் குளிப்பார்கள். அதற்கு மேலே காட்டு வழி. நடந்துதான் ஏற வேண்டும்.

மலையின் மறுபக்கத்தில், நாமக்கல் மாவட்டத்தில், தார்ச் சாலை இருக்கிறது. அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ்ஸே திணறித் திணறித்தான் ஏறும்.

அப்படிப்பட்ட மலைச் சாலைகளில் காலையில் புறப்பட்டு, பல ஏற்றங்களைக் கடந்து, 200 கிலோ மீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்து, மாலைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால்? அதுவும் நூறு பேருக்கு மேல் போட்டி போட்டு, முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டும் என்றால்?

ஐரோப்பாவில் அப்படிப் பந்தயங்கள் உண்டு. அதையே தொழிலாகக் கொண்ட வீரர்களும் உண்டு. அந்த வீரர்களுக்குள் மன்னன் என்று பெயர் எடுத்தவர் ஒருவர். அவர் பெயர் பௌஸ்டோ கோப்பி. இத்தாலி நாட்டுக்காரர். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் இத்தாலியர்கள் நெஞ்சு நிமிர்த்துகிறார்கள்.

அவர் வாழ்க்கை வெற்றிக் கதை மட்டும் அல்ல. பகை எப்படி ஒரு வீரனைத் தோற்கடிக்கும் என்பதையும் அது சொல்கிறது.

குடியானவன் வீட்டுப் பிள்ளை

இத்தாலியின் வடக்கே, பீட்மாண்ட் என்ற பகுதியில், காஸ்டெல்லானியா என்று ஒரு சிறு கிராமம். எங்கே பார்த்தாலும் மேடும் பள்ளமும். அங்கே ஒரு குடியானவன் வீட்டில் 1919-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி பௌஸ்டோ பிறந்தான். வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவன் நான்காவது. அவனுக்குப் பின்னால் செர்ஸே என்று ஒரு தம்பி.

பையன் ஒல்லி. நெஞ்சு கூண்டு போல முன்னே துருத்திக்கொண்டிருக்கும். கால்கள் மட்டும் கொக்கின் கால் போல நீளம். நடந்து வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சைக்கிளில் ஏறிவிட்டால் பார்த்தவர் கண் எடுக்க மாட்டார்கள்!

எட்டு வயதில் ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது. துருப்பிடித்த சைக்கிள். பிரேக் கிடையாது. அதில் ஊர் சுற்றப் போய், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். வாத்தியார் சும்மா விடுவாரா? பள்ளிக்கு வராமல் சைக்கிள் ஓட்டியது தவறு என்று நூறு தடவை எழுத வைத்தார். பையன் எழுதினான். ஆனால் சைக்கிளை விடவில்லை.

13 வயதில் படிப்பு நின்றது. நோவி லிகுரே என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. சைக்கிளில் சுமையைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்குவான். கிராமத்துக்கும் கடைக்கும் போய் வருவதும் சைக்கிளில்தான். சம்பளமும் கிடைத்தது. மலை ஏறும் பழக்கமும் வந்தது.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் இருந்தார். அவர் பெயரும் பௌஸ்டோ. நல்ல சைக்கிள் ஒன்று வாங்க அவர் பணம் கொடுத்து உதவினார். 15 வயதில் பையன் தன் முதல் பந்தயத்தில் ஓடினான். முதல் பரிசு அவனுக்கே! பரிசு என்ன தெரியுமா? 20 லிரா பணமும், இறைச்சி வைத்த ஒரு ரொட்டியும்.

கண் தெரியாத குரு

அதே நோவி லிகுரேயில் பியாஜியோ கவன்னா என்று ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர். பின்பு சைக்கிள் வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் தொழிலுக்கு வந்தார். பெரிய பெரிய வீரர்கள் அவரிடம் வந்தார்கள். விதி அவர் கண்களைப் பறித்துவிட்டது. கைகள்தான் அவருக்குக் கண்.

இறைச்சிக் கடைப் பையனின் காலைத் தடவிப் பார்த்தார் கவன்னா. நாடியைப் பிடித்துப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். இவன் சாமானிய ஆள் அல்ல என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று முதல் கவன்னா குரு; பௌஸ்டோ சீடன். எப்போது தூங்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் குரு சொல்லிக் கொடுத்தார். கண் தெரியாதவர் காட்டிய வழியில் சீடன் உலகப் புகழ் வரை போனான்.

எஜமானை வென்ற உதவியாள்

1940-ம் ஆண்டு. கோப்பிக்கு 20 வயது. லெக்னானோ என்ற பெரிய கோஷ்டியில் இடம் கிடைத்தது. அந்தக் கோஷ்டியின் தலைவர் ஜீனோ பார்தாலி. கோப்பியைவிட ஐந்து வயது மூத்தவர். இத்தாலியைச் சுற்றி வரும் பெரும் பந்தயத்தில் இரண்டு தடவை வென்றவர். பிரான்ஸைச் சுற்றும் பந்தயத்திலும் 1938-ல் வென்றவர். இத்தாலி முழுவதும் அவரைக் கொண்டாடியது.

அவருக்கு உதவி செய்வதுதான் கோப்பியின் வேலை. தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் முன்னால் போய் மறைத்துக் கொடுக்க வேண்டும்.

இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தின் தொடக்கத்திலேயே பார்தாலி ஒரு நாய் குறுக்கிட்டதால் கீழே விழுந்து அடிபட்டார். பின்தங்கினார். சில நாட்கள் கழித்து மழை கொட்டியது. மலைச் சாலையில் உதவியாள் கோப்பி தனியாகப் பறந்தார். பந்தயம் முடிந்தபோது வெற்றி வீரர் அவர்தான்!

அது ஜூன் 9-ந் தேதி. அடுத்த நாள், ஜூன் 10-ந் தேதி, இத்தாலி யுத்தத்தில் குதித்தது. வெற்றியைக் கொண்டாட நேரம் இல்லை. கோப்பி சிப்பாய் ஆனார்.

சிறை முகாமில் இரண்டு ஆண்டு

1942-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி மிலான் நகரில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று சோதித்துப் பார்த்தார் கோப்பி. விமானங்கள் குண்டு போட்டுச் சென்ற நகரம் அது. 45.798 கிலோ மீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். 14 ஆண்டுகள் யாராலும் அதை மிஞ்ச முடியவில்லை.

பிறகு வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கினார். ஒரு வீரனுக்கு 23 வயது முதல் 25 வயது வரை பொன்னான காலம். அந்தக் காலம் அவருக்குக் கைதிகள் முகாமில் கழிந்தது.

1945-ல் இத்தாலிக்குத் திரும்பினார். ஓட்டுவதற்குச் சைக்கிள் இல்லை! உலக சாதனை வீரருக்குச் சைக்கிள் கொடுத்து உதவுங்கள் என்று பத்திரிகையில் வேண்டுகோள் வெளிவந்தது. ஏழைத் தச்சர் ஒருவர் தம் சைக்கிளைக் கொடுத்தார். கோப்பி மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார்.

மலைப் பந்தயத்தின் சூட்சுமம்

ஒரு நாள் பந்தயம் என்றால் வேகமாக மிதிப்பவன் ஜெயிப்பான் என்று நினைக்கலாம். அவ்வளவு எளிது அல்ல. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். முன்னால் ஒருவர் போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டியே நீங்கள் போனால், காற்று அவர் மேல் மோதும். உங்களுக்குச் சிரமம் குறையும். சமதரையில் வேகமாகப் போகும்போது, பின்னால் வருபவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம்.

ஆகவே வீரர்கள் கூட்டமாகவே போவார்கள். முன்னால் போகும் சிரமத்தை மாறி மாறிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தனியாக ஒருவன் ஓடினால் முழுக் காற்றும் அவன் மேல்தான். கூட்டம் அவனை எளிதில் பிடித்துவிடும். கடைசி 200 மீட்டரில் யார் பாய்கிறானோ அவனுக்கு வெற்றி. நாள் முழுவதும் பிறர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தவன்கூட ஜெயித்துவிடலாம்!

மலையில் கதை வேறு. ஏற்றத்தில் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் காற்றின் மோதலும் குறைகிறது. பிறர் முதுகு அங்கே அதிகம் உதவாது. அவனவன் உடம்பை அவனவன்தான் மேலே தூக்கிச் செல்ல வேண்டும். ஒளிந்து வந்தவனின் சாயம் மலையில் வெளுத்துவிடும்.

கோப்பி கடைசிப் பாய்ச்சலில் சூரர் அல்ல. அவருடைய பலம் மலை. ஆகவே அவர் உபாயம் இதுதான்: பந்தயத்தில் சரியான ஏற்றம் எது என்று முன்பே தெரிந்துகொள்வது. அந்த இடம் வரும்வரை உதவி வீரர்களின் பின்னால் பலத்தைச் சேமிப்பது. அங்கே வந்ததும் ஒரே மூச்சில் தனியே பிரிந்து போய்விடுவது. பிறகு எத்தனை கிலோ மீட்டர் மீதி இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் மிதிப்பது.

சொல்வது சுலபம். இடம் தவறினால் எல்லாம் போச்சு. சீக்கிரம் பிரிந்தால் களைத்து விழ வேண்டியதுதான். தாமதித்தால் மலை முடிந்துவிடும்.

ரேடியோவில் சங்கீதம்!

1946-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி. யுத்தம் முடிந்து இத்தாலி மூச்சு விடத் தொடங்கிய நேரம். மிலான் நகரிலிருந்து கடற்கரை ஊரான சான் ரெமோவுக்குப் பந்தயம். ஏறக்குறைய 290 கிலோ மீட்டர். எல்லாம் ஒரே நாளில்.

புறப்பட்ட சிறிது நேரத்துக்குள் சிலர் முன்னால் ஓடினார்கள். அவர்களோடு கோப்பியும் போனார். பெரிய வீரர்கள் சிரித்தார்கள். இவ்வளவு தூரம் இருக்கும்போது இப்போதே ஓடுவது பைத்தியக்காரத்தனம் என்று எண்ணினார்கள்.

பாதித் தூரத்துக்கு அருகில் துர்க்கீனோ என்ற மலை. அதன் உச்சியில் ஒரு சுரங்கப் பாதை. அந்த ஏற்றத்தில் கோப்பி மிதியை அழுத்தினார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். கடைசியாக லூசியன் தெய்ஸேர் என்ற பிரெஞ்சு வீரரும் உதிர்ந்தார். இருண்ட சுரங்கத்திலிருந்து வெளியே வந்தபோது கோப்பி தன்னந்தனி. கீழே கடல் தெரிந்தது. இன்னும் 140 கிலோ மீட்டருக்கு மேல் மீதி.

திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். சான் ரெமோவுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆள் எங்கே? ஜனங்கள் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. 14 நிமிடம் கழித்துத்தான் இரண்டாவது வீரர் தெய்ஸேர் வந்தார்! அதுவரை ரேடியோவில் நேரத்தைப் போக்கச் சங்கீதம் வைத்தார்கள் என்று சொல்வார்கள்.

யுத்தத்தில் நொந்துபோன ஜனங்களுக்கு அன்று தீபாவளி.

உச்சியில் ஒரு கோயில்

கொல்லிமலை மேலே அறப்பளீஸ்வரர் கோயில் இருப்பதுபோல, இத்தாலியில் கிஸல்லோ என்ற மலை உச்சியில் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. கோமோ என்ற ஏரிக்கரையிலிருந்து வளைந்து வளைந்து ஏற வேண்டும். 1949-ல் அந்த மாதாவைச் சைக்கிள்காரர்களின் காவல் தெய்வம் என்று போப்பாண்டவர் அறிவித்தார். புகழ் பெற்ற வீரர்கள் தங்கள் சைக்கிள்களை அங்கே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள். கோப்பியின் சைக்கிளும் அங்கே இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் லோம்பார்டி பந்தயம் நடக்கும். கிஸல்லோதான் அதில் பேர்போன ஏற்றம். கோப்பி அந்தப் பந்தயத்தில் 1946 முதல் 1949 வரை வரிசையாக நான்கு தடவை வென்றார். 1954-ல் ஐந்தாவது தடவையும் வென்றார்.

கோப்பி எந்த மலையில் பிரிவார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாராலும் தடுக்க முடியவில்லை!

இரண்டு சிங்கங்கள்

யுத்தத்துக்குப் பிறகு கோப்பி பியாங்கி என்ற கோஷ்டிக்குத் தலைவர் ஆனார். பார்தாலி வேறு கோஷ்டி. முன்பு எஜமானும் உதவியாளுமாக இருந்தவர்கள் இப்போது எதிரிகள்.

இத்தாலி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சிலர் பார்தாலி கட்சி. சிலர் கோப்பி கட்சி. காப்பிக் கடையில் சண்டை. கலியாண வீட்டில் சண்டை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி.

1948-ல் ஹாலந்து நாட்டில், வால்கன்பர்க் என்ற ஊரில், உலக சாம்பியன் பந்தயம் நடந்தது. மேடு மிகுந்த ஊர். இருவரும் இத்தாலி நாட்டுக்காக ஒரே அணியில் ஓடினார்கள். ஒருவருக்கொருவர் உதவியிருந்தால் இத்தாலிக்கு வெற்றி கிடைத்திருக்கலாம்.

நடந்தது என்ன? கோப்பி பார்தாலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்தாலி கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஓடினால் அவர் ஓடுவார். இவர் நின்றால் அவர் நிற்பார். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். நம் இருவருக்கும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம்! கடைசியில் இருவரும் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

பெல்ஜியம் நாட்டின் பிரிக் ஸ்கொட்டே வென்றார். ஜனங்கள் இந்த இருவரையும் கேலிக் கூச்சலிட்டு அனுப்பினார்கள். இத்தாலிய சைக்கிள் சங்கம் இருவரையும் சில காலம் பந்தயங்களிலிருந்து விலக்கித் தண்டித்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு இருவருக்கும் கொஞ்சம் புத்தி வந்தது. 1949-ல் கோப்பி இத்தாலியைச் சுற்றும் பந்தயத்திலும், பிரான்ஸைச் சுற்றும் பந்தயத்திலும் ஒரே ஆண்டில் வென்றார். அதற்கு முன் உலகில் யாரும் அப்படிச் செய்ததில்லை. 1952-ல் மறுபடியும் அதே இரட்டை வெற்றி!

1952-ல் பிரான்ஸ் மலைச் சாலையில் எடுத்த ஒரு போட்டோ உலகப் புகழ் பெற்றது. முன்னே கோப்பி, பின்னே பார்தாலி. ஒரு தண்ணீர்ப் புட்டி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகிறது. கொடுத்தவர் யார்? வாங்கியவர் யார்? இத்தாலியர்கள் அதைப் பற்றி இன்றும் விவாதிக்கிறார்கள். 

அழுத உதவி வீரர்

தலைவனுக்காக உழைக்கும் உதவி வீரர்கள் இல்லாமல் எந்த மலை வெற்றியும் இல்லை. கோப்பியின் உதவி வீரர்களில் ஒருவர் அந்திரேயா கர்ரேயா. ஜெர்மானிய நாஜிகளின் கொடிய முகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர்.

1952 பிரான்ஸ் பந்தயத்தில் சிலர் முன்னே ஓடினார்கள். தலைவருக்கு ஆபத்து வரக் கூடாதே என்று அவர்களுக்குக் காவலாகக் கர்ரேயாவும் ஓடினார். நாள் முடிவில் மொத்தக் கணக்கில் முதல் இடம் அவருக்கே வந்துவிட்டது! முதல்வருக்கு உரிய மஞ்சள் சட்டையை அவருக்கு மாட்டினார்கள். தலைவரை முந்திவிட்டேனே, அவர் என்ன நினைப்பாரோ என்று கர்ரேயா கண்ணீர் விட்டு அழுதார். கோப்பி சிரித்துக்கொண்டே அவரைப் பாராட்டினார். மறுநாள் ஆல்ப் துயெஸ் என்ற மலை உச்சியில் வென்று, அந்த மஞ்சள் சட்டையைத் தாமே பெற்றுக்கொண்டார்.

தம்பியைப் பறிகொடுத்தார்

தம்பி செர்ஸேயும் சைக்கிள் வீரர்தான். அண்ணன் அளவுக்குத் திறமை இல்லை. ஆனால் அண்ணனுக்கு உயிர்த் தோழன். அண்ணன் முகம் வாடினால் சிரிக்க வைப்பது தம்பிதான்.

1951-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி டூரின் நகரில் ஒரு பந்தயம். செர்ஸேயின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கியது. விழுந்தார். தலையில் அடி. எழுந்து வந்துவிட்டார். பெரிய காயம் இல்லை என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். சில மணி நேரத்தில் தலைக்குள் ரத்தம் கசிந்து உயிர் பிரிந்தது.

கோப்பி இடிந்துபோனார். பந்தயமே வேண்டாம் என்று நினைத்தார். அவர் உடம்பும் அடிக்கடி முறியும் உடம்பு. 1950-ல் இடுப்பு எலும்பு முறிந்தது. 1951 தொடக்கத்தில் தோள் எலும்பு முறிந்தது. ஒவ்வொரு தடவையும் கவன்னாவின் கைகள்தான் அவரை எழுப்பின.

அக்காலத்து வீரர்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஊக்க மாத்திரைகள் சாப்பிடுவார்கள். தாமும் சாப்பிட்டதைக் கோப்பி மறைக்கவில்லை. அதைத் தடுக்கும் விதிகளும் சோதனைகளும் பிற்காலத்தில்தான் வந்தன.

லுகானோ மலையில் உலகப் பட்டம்

கோப்பிக்கு எல்லா வெற்றியும் கிடைத்தது. உலக சாம்பியன் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 1948-ல் பகையால் கை நழுவிய பட்டம் அது. 1953 ஆகஸ்டு 30-ந் தேதி சுவிட்சர்லாந்தில் லுகானோ என்ற ஊரில் பந்தயம். கோப்பிக்கு 34 வயது நெருங்கியது. இனி எத்தனை வாய்ப்பு வரும்?

ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். மொத்தம் 270 கிலோ மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் கிரஸ்பேரா என்ற ஏற்றம். நீளம் அதிகம் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஏறினால் கால் கல்லாகிவிடும்.

போட்டியாளர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. பிரான்ஸின் லூயிசோன் போபே, அந்த ஆண்டு பிரான்ஸைச் சுற்றும் பந்தயத்தில் வென்றவர். பெல்ஜியம் நாட்டுக்கு ஸ்டான் ஓக்கர்ஸ், ஜெர்மேன் டெரைக் என்று இரண்டு தந்திரசாலிகள்.

80 கிலோ மீட்டருக்கு மேல் மீதி இருக்கும்போது, கிரஸ்பேரா ஏற்றத்தில் கோப்பி பாய்ந்தார். போபே பின்தங்கினார். ஓக்கர்ஸ் பின்தங்கினார். டெரைக் ஒருவர் மட்டும் ஒட்டிக்கொண்டார்.

இங்கேதான் ஆபத்து. கடைசிப் பாய்ச்சலில் டெரைக் வல்லவர். ஒட்டிக்கொண்டே வந்து கடைசியில் முந்திவிட்டால்? முன்பு பார்தாலியோடு செய்ததுபோல மிதிப்பதை நிறுத்திவிட்டு எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கோப்பி அந்தத் தவறைச் செய்யவில்லை. தம் வேகத்தில் மிதித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மலை டெரைக்கின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியது. முடிவுக்குச் சற்று முன், அதே ஏற்றத்தில், கோப்பி மறுபடி மிதியை அழுத்தினார். டெரைக்கின் கால் ஓய்ந்தது.

கோப்பி தனியே வந்து சேர்ந்தார். ஆறு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் டெரைக் வந்தார். ஓக்கர்ஸுக்கு மூன்றாம் இடம். கோப்பியின் உதவி வீரர் ஜிஸ்மோண்டிக்கு நான்காம் இடம். உலகப் பட்டம் ஒருவழியாகக் கோப்பியின் கைக்கு வந்தது.

ஒரு கேலி பறித்த வெற்றி

புகழின் உச்சியில் வாழ்க்கை தடம் புரண்டது. கோப்பிக்கு மனைவியும் மகளும் இருந்தார்கள். ஜூலியா ஒக்கீனி என்ற பெண்மணிக்கும் கணவரும் குழந்தைகளும் இருந்தார்கள். இருவருக்கும் காதல் ஏற்பட்டது. அக்கால இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் இல்லை. இது குற்றமாகக் கருதப்பட்டு வழக்கு நடந்தது. ஜூலியா சில நாட்கள் சிறையிலும் இருந்தார். நேற்றுவரை மாலை போட்டவர்கள் இன்று மண்ணை வாரித் தூற்றினார்கள். இரண்டு குடும்பங்கள் உடைந்தன. குழந்தைகள் கலங்கின.

1956-ம் ஆண்டு அக்டோபரில் லோம்பார்டி பந்தயம். கோப்பிக்கு 37 வயது. அவர் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் அன்று அவர் இளம் வீரர் ரொங்கீனியோடு முன்னால் போய்விட்டார். மலைகள் பின்னே மறைந்தன. மிலான் நகரை நோக்கிச் சமவெளிச் சாலை. ஆறாவது வெற்றி கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்தார் பியோரென்ஸோ மான்யி. அவரும் பெரிய வீரர். அதுதான் அவருடைய கடைசி ஆண்டு. களைத்துப் போயிருந்தார். அப்போது ஜூலியா இருந்த கார் அவரைத் தாண்டிச் சென்றது. ஜூலியா அவரைப் பார்த்துக் கேலி செய்தார். இதை மான்யியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மான்யிக்கு ரத்தம் கொதித்தது. களைப்புப் பறந்தது. தாம் தோற்றாலும் சரி, கோப்பி ஜெயிக்கக் கூடாது என்று வெறியோடு மிதித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்து வந்தது. மிலானை நெருங்கியபோது கோப்பியைப் பிடித்துவிட்டார்கள்!

கோப்பி 14 ஆண்டுகளுக்கு முன் உலக சாதனை செய்த அதே மைதானத்தில் கடைசிப் பாய்ச்சல் நடந்தது. பிரான்ஸின் அந்திரே தாரிகாட் நூலிழையில் வென்றார். கோப்பி இரண்டாவது. மான்யி மூன்றாவது.

கோப்பி அழுதார். மலை அவரைத் தோற்கடிக்கவில்லை. மூப்பும் தோற்கடிக்கவில்லை. ஒரு கணத்துக் கேலி தோற்கடித்தது. முன்பு தம் நெஞ்சில் இருந்த அதே பகை, இப்போது வேறொருவர் நெஞ்சில் குடிபுகுந்து அவரைத் துரத்தியது.

கொசு கடித்தது

1959 டிசம்பரில் ஆப்பிரிக்காவில் அப்பர் வோல்டா என்ற நாட்டுக்கு ஒரு விழாப் பந்தயத்துக்காகச் சென்றார் கோப்பி. இன்று அந்த நாட்டின் பெயர் புர்க்கினா பாஸோ. அவரும் பிரெஞ்சு வீரர் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினார்கள். அறை நிறையக் கொசு.

ஊர் திரும்பியதும் இருவருக்கும் கடும் காய்ச்சல். பிரான்ஸில் ஜெமினியானியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மலேரியா! கொயினா கொடுத்தார்கள். பல நாள் நினைவு இழந்து கிடந்தவர் பிழைத்துக்கொண்டார்.

இத்தாலியில் கோப்பிக்கு வந்தது மலேரியா என்று வைத்தியம் பார்த்தவர்கள் காலத்தில் கண்டுகொள்ளவில்லை. சளிக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். ஜெமினியானிக்கு வந்தது மலேரியா என்று பிரான்ஸிலிருந்து தகவல் போயும் பயன் இல்லை. 1960-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி காலையில், டொர்டோனா நகர ஆஸ்பத்திரியில், அந்த மாவீரரின் உயிர் பிரிந்தது. வயது 40.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை நம் இந்தியாவில், செகந்திராபாத்தில், 1897-ல் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். அதற்கு மருந்தும் கடையில் இருந்தது. 63 ஆண்டுகள் கழித்தும், சாதாரணக் காய்ச்சல்தானே என்ற எண்ணம் ஒரு பெரிய வீரரைக் கொண்டுபோய்விட்டது.

பகை முடிந்த நேரம்

இன்னொரு செய்தியும் உண்டு. கேட்டால் நெஞ்சு உருகும்.

1960-ல் கோப்பி புதிய கோஷ்டி ஒன்றில் சேர்ந்து ஓடுவதாக இருந்தது. அந்தக் கோஷ்டியை நடத்த இருந்தவர் யார் தெரியுமா? ஜீனோ பார்தாலி! இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தலைவரின் கீழ் உதவியாளாகச் சேர்ந்தாரோ, அதே தலைவரிடம் கோப்பி திரும்ப இருந்தார். பழைய பகையை இருவரும் மறந்துவிட்டார்கள். ஆனால் சேர்ந்து ஓட விதி விடவில்லை.

காஸ்டெல்லானியா மலைக் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்து வந்தார்கள். குளிர்கால மலைச் சாலை முழுவதும் தலைகள். கோப்பியைத் தூற்றியவர்களும் அன்று அழுதார்கள். பிற்பாடு தம்பி செர்ஸேயின் பக்கத்திலேயே அண்ணனுக்கும் சமாதி அமைந்தது.

2019-ல் கோப்பி பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, அந்தக் கிராமத்தின் பெயரையே காஸ்டெல்லானியா கோப்பி என்று மாற்றினார்கள். இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் எது மிக உயரமான மலையோ, அதற்குக் கோப்பி சிகரம் என்று பெயர். 1965 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. அந்தச் சிகரத்தை முதலில் தொடுபவனுக்குத் தனிப் பரிசு உண்டு.

புளியஞ்சோலைக்குக் குடும்பத்தோடு போகும்போது, வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏறும் பையன்களைப் பார்க்கலாம். பக்கத்தில் வரும் தோழனை முந்த வேண்டும் என்று அவன் முகத்தையே பார்த்து மிதிப்பவன் சீக்கிரம் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். முன்னால் இருக்கும் மலையைப் பார்த்துத் தன் வேகத்தில் மிதிப்பவன் அடிவாரம் போய்ச் சேர்ந்துவிடுவான். சைக்கிள் மன்னன் கோப்பி வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.